பிழை யாருடையது?

சென்ற வாரம் எமது கல்லூரி வாயிலிலே இரு மாணவரின் துவிச்சக்கரவண்டிகள் மோதிக்கொண்டன. "நான் என் பக்கத்திலேதான் வந்தேன், ஐயா" என்றான் ஒருவன். மற்றவன், தான் பிழையான பக்கத்தில் வந்ததை மறுக்கவில்லை. "அவன் வருவதைத் தூரத்திலேயே கண்டாயா?" என்று முன்னவனை வினவினோம். "கண்டேன்" என்றான். "பின் ஏன் பிறேக் பிடிக்கவில்லை?" மறுமொழி இல்லை. நமக்கு ஹலிபாக்ஸ் வழக்கு நினைவுக்கு வந்தது.

ஹலிபாக்ஸ் கனடாவின் கிழக்குக் கரைத் துறைமுகம். 1917 ஆம் ஆண்டு டிசெம்பர் 6 ஆந் திகதி காலை, வெடிமருந்து நிறைந்த 'மொன் பிளாங்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் உள்ளே வந்தது. நோர்வே நாட்டு 'இமோ' வெளியே சென்றது. ஒடுங்கிய நீர்வழியிலே கப்பல்கள் தத்தம் வலப்புறமாகச் செல்லுதல் கடல் விதி. 'இமோ'வோ இடப்புறமாகச் சென்றது. இரண்டும் ஊதொலி எழுப்பின. ஆயின் எதுவும் விட்டுக்கொடுக்கவில்லை. ஈற்றில் 'மொன் பிளாங்' இடப்புறந் திரும்பியது. 'இமோ' தன் இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்க, அதன் முகம் வலப்புறஞ் சாய்ந்து மற்றதை இடித்தது. தீப்பற்றிய கப்பல் சுமார் 20 நிமிடத்தில் வெடித்தது. ஏறக்குறைய 2,000 மக்கள் மாண்டனர். 9,000 பேர் காயமுற்றனர்.

1918 இல் முதலில் விசாரித்த மன்று, பிழை முழுவதையும் 'மொன் பிளாங்' மீதே சுமத்தியது. 1920 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் (1971 வரை நம் நாட்டு வழக்குகளுக்கும் இறுதி மன்றாக இருந்த அதே சபை) இரு கப்பல்களும் சமமாகப் பிழை செய்தன எனத் தீர்த்தது. நெருங்கும் முன்னரே நின்றிருக்கவேண்டியது இரண்டினதுங் கடன் அன்றோ?

இங்கிலாந்திலே, தரையில் நிகழும் விபத்தில் வழக்காளியிடமும் சிறிது கவனக்குறைவு இருப்பின், அவனுக்கு நட்டஈடே இல்லை என்னும் விதி 1945 வரை நிலவியது. கடற்சட்டம் அவ்வாறன்று. இரு கப்பல்களும் பிழை செய்தால், நட்டத்தைச் சரிபாதியாக்குதல் பழைய வழக்கம். 1910 ஆம் ஆண்டின் பிரசெல்ஸ் உடன்படிக்கை அதனைத் திருத்தியது. ஒரு கப்பலின் பிழை மூன்றில் இரு பங்காயின், நட்டத்திலும் மூன்றில் இரு பங்கை அது ஏற்கவேண்டும். பிழையின் அளவை அறிய இயலாதவிடத்து மாத்திரமே சரிபாதி.

ஆயினும் அத்தீர்ப்புக் கப்பலுடையாரின் நட்டத்தையே பங்கிட்டது. மாண்டோர் பொருட்டு எவரும் தண்டிக்கப்படவில்லை. வீடிழந்த மக்களைப் பேணியது 1918 இல் அமைந்த நிவாரண ஆணைக்குழுவே. அது 1976 வரை இயங்கியது.

வழி நமக்குரியது என்னும் உரிமை, பிறர் பிழையைக் கண்டும் நில்லாதிருக்கும் உரிமையன்று. இவ்வரலாற்றைச் சொல்லி, வளைந்த சில்லுகளைத் திருத்தும் செலவை அம்மாணவரின் தீர்ப்புக்கே விட்டோம். பிழையான பக்கத்தில் வந்தவன் இரு பங்கு கொடுத்தான். "என் பக்கத்திலேதான் வந்தேன்" என்றவன் ஒரு பங்கு கொடுத்தான்.