கச்சான் பட்டர் பவுடர்: குறைவது கலோரியா, கரண்டியா?

சில வாரங்களுக்கு முன்பு ஒரு மாலை வேளையில், புறக்கோட்டையில் உணவுப் பொருட்களை மொத்தமாக விற்பனை செய்யும் நண்பர் ஒருவரின் கடையில் அமர்ந்திருந்தேன். தேநீர் வந்தது. கூடவே மேசை லாச்சிக்குள்ளிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் போத்தலும் வந்தது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன் கொண்டு வந்து கொடுத்ததாம். உள்ளே மங்கிய மண்ணிறத்தில் ஒரு மா. முகர்ந்து பார்த்தால் வறுத்த கச்சான் வாசம்.

"நானா, இதுல ரெண்டு கரண்டிக்கு 60 கலோரிதான். சாதாரண பீநட் பட்டர்ல 190. மூன்றில ஒன்று! சீனி வருத்தக்காரர், உடம்பு குறைக்கிறவங்க எல்லாரும் வாங்குவாங்க. இது ஓடுமா, ஓடாதா?"

அவர் கேட்டது வெறும் பேச்சுக்காக அல்ல. குஜராத்திலுள்ள ஏற்றுமதியாளர் ஒருவரிடம் 25 கிலோ மூட்டைகளாக இதே வகை மாவுக்கு விலை கேட்டு வாங்கி வைத்திருந்தார். இங்கே கொண்டு வந்து 200 கிராம் பெக்கட்டுகளாக அடைத்து, தன் சொந்தப் பெயரில் சந்தைக்கு விடுவது அவரது திட்டம். லேபலின் மாதிரியும் தயாராக இருந்தது. நடுவே பெரிய எழுத்தில் 'மூன்றில் ஒரு பங்கு கலோரி' என்றும், கீழே 'நீரிழிவு நோயாளருக்கு உகந்தது' என்றும் அச்சிடப்பட்டிருந்தது. 2022 இல் டொலர் ஒரே பாய்ச்சலில் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் போனபோது கடனுக்குச் சரக்கெடுத்து விழுந்தவர்களில் அவரும் ஒருவர். இப்போதுதான் மெல்ல எழுந்து நிற்கின்றார். கையிலுள்ள முதலில் பெரும்பகுதியை இதில் போடப் பார்த்தார்.

நான் சொன்ன பதில் இதுதான்: "ஓடும் தம்பி. ஆனால் இந்த லேபலோடு ஓட விடாதீங்க." அன்று அவரிடம் சொன்னவற்றை, இதே யோசனையில் இருக்கக்கூடிய ஏனைய வர்த்தகர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகின்றேன்.

முதலில் இது என்ன பொருள் என்பதைப் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவில் கச்சான் உற்பத்தியில் முதலிடம் வகிப்பது தெற்கேயுள்ள ஜோர்ஜியா மாநிலம். அந்நாட்டின் கச்சானில் ஏறத்தாழ பாதி அங்கேதான் விளைகின்றது. 1977 முதல் 1981 வரை ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர் அந்த மாநிலத்தின் கச்சான் விவசாயிதான். அதே மாநிலத்தின் டிஃப்டன் நகரிலுள்ள பெல் பிளான்டேஷன் என்ற கம்பனி 'பீபீ2' என்ற பெயரில் இந்த மாவைச் சந்தைப்படுத்தி வெற்றி கண்டது. பொருளின் பெயர் கம்பனியின் பெயரை விடப் பிரபலமாகிவிட, பிற்காலத்தில் கம்பனியே பீபீ2 ஃபூட்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. பிறகு ஏனைய கம்பனிகளும் இதே பொருளோடு களமிறங்கின.

செய்முறையில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. கச்சானை வறுத்துத் தோல் நீக்கி, இயந்திர அழுத்தத்தால் எண்ணெயின் பெரும்பகுதியைப் பிழிந்து எடுத்துவிட்டு, எஞ்சும் சக்கையை மாவாக அரைக்கின்றார்கள். அதனோடு சிறிது சீனியும் உப்பும் சேர்க்கப்படுகின்றது. வீட்டில் தண்ணீர் விட்டுக் குழைத்தால் பட்டர் போன்ற பசை கிடைக்கும். நமது பேச்சில் சொல்வதானால், மனிதர் உண்ணும் தரத்தில் சுத்தமாகச் செய்யப்பட்ட கச்சான் புண்ணாக்கு. இப்படிச் சொன்னதும் நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. நான் இழிவாகச் சொல்லவில்லை. எண்ணெய் குறைத்த கச்சான் மாவை இனிப்புப் பண்டத் தொழிற்சாலைகள் இந்தப் போத்தலுக்கு முன்பிருந்தே மூட்டை மூட்டையாக வாங்கி வந்தன. அதையே ஒரு போத்தலில் அடைத்து, குடும்பத் தலைவியின் கைக்குக் கொண்டு போனவரின் வியாபார மூளையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி அந்த 60 கலோரிக்கு வருவோம். போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தால் விடயம் விளங்கும். மாவில் இரண்டு மேசைக் கரண்டி என்பது 13 கிராம். சாதாரண கச்சான் பட்டரில் இரண்டு மேசைக் கரண்டி என்பது 32 கிராம். கரண்டி ஒன்றுதான், நிறை வேறு. ஒரு சுண்டு பொரியையும் ஒரு சுண்டு அரிசியையும் பக்கத்தில் வைத்து, பொரியில் கலோரி குறைவு என்று சொல்வது போன்றது இது. தராசில் வைத்து வியாபாரம் செய்யும் நாம் இந்த இடத்தில் ஏமாறக்கூடாது. 100 கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் கச்சான் பட்டரில் ஏறத்தாழ 590 கலோரி, மாவில் ஏறத்தாழ 460 கலோரி. குறைவு 22 சதவீதம் அளவில்தான். மூன்றில் ஒன்று என்பது எங்கே, இது எங்கே?

மறுபக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மாவை யாரும் பாணில் அப்படியே தூவிச் சாப்பிடுவதில்லை. 13 கிராம் மாவுக்கு ஒன்றரை மேசைக் கரண்டி தண்ணீர் விட்டால் 35 கிராம் அளவில் பசை கிடைக்கின்றது. அதைப் பாணில் பூசினால், அதே தடிப்பில் பட்டர் பூசியதை விட உண்மையிலேயே மூன்றில் ஒரு பங்கு கலோரிதான் உடலுக்குள் போகும். ஆனால் அந்த 130 கலோரி எப்படிக் குறைந்தது? 13 கிராம் சாதாரண பட்டரில் 77 கலோரி அளவில் இருக்கின்றது. அதே 13 கிராம் மாவில் 60. ஆக, எண்ணெயைப் பிழிந்ததால் குறைந்தது 17 கலோரி மட்டுமே. மீதி 113 கலோரியும் கச்சானின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் தண்ணீரைச் சேர்த்ததால் குறைந்தவை. எண்ணெய் போன மாதான் அவ்வளவு தண்ணீரைத் தாங்கும். அது அந்தப் பொருளின் கெட்டித்தனம், மறுக்கவில்லை. ஆயினும் வாடிக்கையாளர் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்தாலோ, பாலில் நாலு கரண்டி குவித்துப் போட்டு அடித்தாலோ லேபலிலுள்ள கணக்கு அன்றே முடிந்துவிடும்.

கொழுப்புக் கணக்கிலும் ஒரு வழுக்கல் இருக்கின்றது. 'கொழுப்புக் கலோரி 85 சதவீதம் குறைவு' என்ற வகையிலான வாசகத்தை இத்தகைய போத்தல்களில் காணலாம். அது பொய்யல்ல. ஒரு பரிமாறலுக்குப் பட்டரில் 16 கிராம் கொழுப்பு, மாவில் 1.5 கிராம். ஆனால் அவசரத்தில் வாசிப்பவரின் கண்ணில் 'கொழுப்பு' என்ற சொல் விழாது. 'கலோரி 85 சதவீதம் குறைவு' என்பதுதான் விழும்.

நண்பரின் லேபலில் என்னை அதிகம் உறுத்தியது நீரிழிவு பற்றிய அந்த வரிதான். எண்ணெயை எடுத்துவிட்டால் எஞ்சுவதில் புரதத்தின் பங்கு மட்டுமல்ல, மாப்பொருளின் பங்கும் கூடுகின்றது. 32 கிராம் பட்டரில் 7 கிராம் அளவில் மாப்பொருள். 13 கிராம் மாவிலேயே 5 கிராம். இதில் சேர்த்த சீனியும் அடங்கும். பிழிந்து எடுக்கப்பட்ட எண்ணெயும் கெட்ட பொருளல்ல. அதன் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு. விட்டமின் ஈ யும் அதனோடு சேர்ந்து போய்விடுகின்றது. சீனி சேர்க்காத மாவும் சந்தையில் உண்டு. எது யாருக்கு உகந்தது என்பதை வைத்தியர் சொல்லட்டும். பெக்கட் அடிக்கும் நாம் சொல்ல வேண்டியதில்லை. எமது நாட்டின் 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும், 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வாசகங்களுக்கு எதிரானவை. வழக்கென்று வந்தால், அமெரிக்கப் போத்தலில் அப்படி இருந்தது என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடாது.

அப்படியானால் இதில் வியாபாரமே இல்லையா? இருக்கின்றது. 13 கிராமில் 6 கிராம் புரதம் என்பது சாதாரண விடயமல்ல. உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் தேடுவது இதைத்தான். அவர்களுக்குக் கலோரிக் கதை சொல்லத் தேவையில்லை. ஏற்றுகூலிக் கணக்கும் சாதகமானது. அமெரிக்காவில் விற்கப்படும் 184 கிராம் மாப் போத்தலில் 14 பரிமாறல்கள். 454 கிராம் பட்டர் போத்தலிலும் அதே 14 பரிமாறல்கள்தான். தண்ணீர் வாடிக்கையாளரின் குழாயிலிருந்து வருகின்றது. நாம் அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. எண்ணெய் குறைவு என்பதால் காறல் பிடிப்பதும் தாமதம். ஆனால் நமது ஈரப்பதமான காலநிலையில் மா காற்றுப்பட்டால் கட்டி தட்டிவிடும். மெல்லிய பொலித்தீன் பெக்கட் இதற்குச் சரிவராது.

பேக்கரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிஸ்கட்டிலும் கேக்கிலும் கச்சான் சுவை ஏற்ற இது நல்ல பொருள். ஆனால் பட்டருக்குப் பதிலாக அப்படியே போட்டால் பண்டம் வரண்டு போகும். அதைச் சரிசெய்ய மாஜரின் சேர்த்தால், வாசலால் அனுப்பிய கலோரி யன்னலால் உள்ளே வந்துவிடும். அதைவிட முக்கியம், கச்சான் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒவ்வாதது அதன் புரதமே. எண்ணெய் குறைத்த மாவில் அது செறிந்து இருக்கின்றது. கண்ணுக்குத் தெரியாமல் கேக்கில் கலந்த மாவைப் பற்றி வெளியே எழுதி வைக்காவிட்டால் உயிராபத்தில் முடியலாம்.

இவையெல்லாம் லேபலோடு திருத்திக்கொள்ளக் கூடியவை. மூட்டைக்குள் இருப்பதைத் திருத்த முடியாது. நண்பர் விலை கேட்டிருந்தார். ஆய்வுச் சான்றிதழ் கேட்கவில்லை. கச்சான் வியாபாரத்தில் இது பெரும் பிழை.

1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. நோயின் பெயர் தெரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றார்கள். தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து தீவனத்துக்காக இறக்குமதி செய்யப்பட்ட கச்சான் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் வளர்ந்த பூஞ்சணம் சுரந்த நஞ்சுக்கே பின்னர் அஃப்ளடொக்சின் என்று பெயரிட்டார்கள். ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உறுதிப்படுத்தப்பட்ட நஞ்சு அது. சரியாகக் காயாத கச்சானில், வெப்பமும் ஈரமும் உள்ள களஞ்சியத்தில் அது உருவாகின்றது. வறுத்தால் குறையுமே தவிர முற்றாக அழியாது. எண்ணெய் பிழியும்போது நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயோடு போவதில்லை, சக்கையிலேயே தங்கிவிடுகின்றது. 100 கிலோ பருப்பிலிருந்து 58 கிலோ அளவில்தான் மா வரும் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோவில் இருந்த நஞ்சு 58 கிலோவுக்குள் சேர்கின்றது. அதாவது, பருப்பில் எல்லைக்குள் இருந்த சரக்கு மாவானதும் எல்லை தாண்டலாம். அமெரிக்காவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் நேரடியாக உண்ணும் கச்சானுக்கு வெறும் 4. எந்தச் சந்தையும் வேண்டாமென்று தள்ளிய மூட்டை மலிவு விலையில் எங்கே வந்து சேரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பூஞ்சணம் மட்டுமல்ல. அதே ஜோர்ஜியாவில், பிளேக்லி என்ற ஊரில் இயங்கிய பீநட் கோர்ப்பரேஷன் ஒஃப் அமெரிக்கா என்ற கம்பனியின் கச்சான் பொருட்களிலிருந்து 2008, 2009 ஆம் ஆண்டுகளில் சல்மொனெல்லா கிருமி பரவியது. 700 க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 9 பேர் இறந்தனர். அந்தக் கம்பனி பெரும்பாலும் தன் பெயரில் சில்லறையாக விற்கவில்லை. பசையாகவும் மாவாகவும் மொத்தமாக விற்றது. வாங்கிய பலர் தத்தம் பெயரில் பிஸ்கட்டும் இனிப்பும் செய்தார்கள். ஆயிரக்கணக்கான பண்டங்களை மீளப்பெற வேண்டியதாயிற்று. சோதனையில் கிருமி இருப்பதாக வந்த பிறகும் சரக்கை அனுப்பியதும், போலிச் சான்றிதழ்கள் தயாரித்ததும் வழக்கில் வெளிவந்தன. 2015 இல் அதன் தலைவர் ஸ்டூவர்ட் பார்னெலுக்கு 28 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. மொத்தமாக வாங்கித் தம் பெயரை ஒட்டியவர்கள் சிறைக்குப் போகவில்லை. ஆனால் அவர்களது பெயர்தானே கடைகளில் இருந்தது!

ஆகவே நண்பரிடம் மூன்று விடயங்கள் கேட்டேன். விற்பவர் தரும் சான்றிதழோடு நில்லாமல், வரும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துக் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஓர் ஆய்வுகூடத்தில் சோதிப்பதற்கான செலவை விலையில் சேர்த்துவிட்டாரா? சேர்க்கவில்லை. சேர்த்தால் இலாபம் என்ன? காகிதத்தில் போட்டுப் பார்த்தார், பாதியாகக் குறைந்தது. ஒரு தொகுதி தவறினால் தாங்குவாரா? அதற்குப் பதில் வரவில்லை.

இங்கேயே செய்தால் என்ன என்ற கேள்வியும் வந்தது. மொனராகலைப் பக்கம் கச்சான் விளைகின்றது. நேரே போய்க் காய்ந்த பருப்பைப் பார்த்து வாங்கலாம். ஆனால் 58 கிலோ மாவுக்கு 42 கிலோ எண்ணெய் கையில் மிஞ்சும். தமிழ்நாட்டிலோ குஜராத்திலோ அதை வாங்கச் சனம் உண்டு. நமது சமையலறை தேங்காய் எண்ணெய்க்குப் பழகியது. அந்த எண்ணெய்க்கு ஒரு வழி கிடைக்காமல் மாவுக்கு நியாயமான விலை போட முடியாது. இந்த இரண்டாவது வியாபாரத்தைத் தீர்க்காமல் முதலாவதைத் தொடங்குவது சரியல்ல என்பது எனது அபிப்பிராயம்.

சென்ற வாரம் மீண்டும் கடைக்குப் போனேன். கொள்கலன் யோசனை நின்றுவிட்டது. பதிலாக நான்கு மூட்டைகள் மட்டும் மாதிரிக்குக் கேட்டிருக்கின்றார். சோதனை முடிவு வந்த பிறகே மூட்டை பிரிப்பதென்று முடிவு. லேபலும் மாறியிருந்தது. 'எண்ணெய் குறைத்த வறுத்த கச்சான் மா' என்று பெயர். கீழே 100 கிராமுக்கான கணக்கு. நீரிழிவு வரி இல்லை. "இப்படிப் போட்டா யாரு நானா வாங்குவாங்க?" என்றார். தெஹிவளையில் பேக்கரி வைத்திருக்கும் அவரது மச்சான் முதல் மூட்டைக்குச் சொல்லி வைத்துவிட்டாராம்.