பிரெய்டு பக்தர்களுக்கு ஒரு வார்த்தை

தில்லியில் எனக்குத் தெரிந்து தூண்டில் பைத்தியம் பிடித்த தமிழர்கள் நாலைந்து பேர் உண்டு. லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் ராடு, ரீல் எல்லாம் கூடவே போகும். இப்போது எல்லோர் ரீலிலும் பிரெய்டுதான். பச்சை, மஞ்சள், அஞ்சு கலரில் மாறி மாறி வருவது என்று விதவிதமாக. நரம்பு போடலாமே என்றால் "அதெல்லாம் பழைய காலம் சார்" என்று ஒரு பார்வை பார்க்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் ஊர்க் கடற்கரை மணலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் நின்று ஈயம் கட்டி வீசுவதற்கு நைலான் நரம்புதான் சரி. யாழ்ப்பாணத்து நண்பர்கள் தங்கூசி என்பார்களே, அதே மோனோ. பிரெய்டு அங்கே வேண்டாத வேலை.

கடலே இல்லாத ஊரில், புசா ரோட்டில் உட்கார்ந்துகொண்டு இவன் என்ன கடல் தூண்டிலுக்கு நியாயம் பேசுகிறான் என்று கேட்பீர்கள். நூல் விஷயத்தில் பேச புசா ரோட்டுக்காரனுக்குக் கொஞ்சம் கூடவே தகுதி உண்டு. அதற்கு வருகிறேன்.

முதலில் பிரெய்டின் பெருமை. நைலான் நரம்பு ஒற்றை இழை. பிரெய்டு என்பது பாலிஎத்திலீனை விசேஷமாக இழுத்து நூற்ற மெல்லிய இழைகளை நாலாகவோ எட்டாகவோ பின்னியது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று பேர் வைத்து விற்கும் சரக்குதான். அந்த நூற்கும் முறையை நெதர்லாந்தின் டி.எஸ்.எம். கம்பெனி 1979ல் கண்டுபிடித்தது. அதே எடையைத் தாங்க நரம்பின் தடிமனில் ஏறத்தாழ பாதி போதும். மெல்லிசாக இருப்பதால் தூரம் போகும், பக்கவாட்டு நீரோட்டம் அதிகம் இழுக்காது. நரம்பு ஒரு மீட்டருக்கு இருபது முப்பது சென்டிமீட்டர் கூட நீளும். பிரெய்டு மூன்று நாலு சென்டிமீட்டரோடு சரி. மீன் இரையைத் தொட்டாலே விரலில் தெரியும். எல்லாம் உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் அந்த தூரம் யாருக்கு வேண்டும்? கிழங்கான் அலை உடைகிற பள்ளத்திலேயே மேய்கிற மீன். அதன் தலைக்கு மேலே எண்பது மீட்டர் தாண்டி வீசிவிட்டு "இன்னிக்கு ஒண்ணும் கடிக்கலை" என்று அலுத்துக்கொள்கிறவர்களை என்ன சொல்ல? கடற்காற்றில் பிரெய்டு பறந்து ரீலில் சிண்டு விழுவது தனிக் கதை. பிரெய்டு தண்ணீரில் மிதக்கும், நரம்பு மெல்ல அமிழும். ஒவ்வொரு அலையும் அடித்து இழுக்கும் இடத்தில் கொஞ்சம் நீண்டு கொடுக்கும் நரம்புதான் முள்ளை மீன் வாயில் நிற்க வைக்கும். மணலும் கிளிஞ்சலும் உரசினால் பிரெய்டின் மெல்லிழைகள் ஒவ்வொன்றாகப் போகும். இன்னொரு வேடிக்கை. பிரெய்டு போட்டவரும் நுனியில் தடித்த நரம்பு சில மீட்டர் முடிந்தாக வேண்டும். 100 கிராம் ஈயத்தை வீச அந்த நுனி நரம்பு 35 பவுண்டாவது தாங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. கடைசியில் நரம்பின் தயவில்தான் பிழைப்பு :-)

இப்போது புசா ரோடு. தலைக்கு மேல் மெட்ரோ போகும் ரோடு இது. ஆகஸ்ட் 15 நெருங்கினால் கரோல்பாக், படேல் நகர் மொட்டை மாடிகளிலெல்லாம் பட்டம். அறுந்த மாஞ்சா கம்பத்திலும் மரத்திலும் தொங்கும். பைக்கில் போகிறவர்கள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவதை இங்கே பார்க்கலாம். 2016 சுதந்திர தினத்தன்று தில்லியில் காரின் மேல்திறப்பு வழியே தலையை நீட்டிய இரண்டு குழந்தைகள், வெவ்வேறு இடங்களில், கழுத்தறுபட்டுச் செத்தன. 2017 ஜனவரியில் தில்லி அரசு நைலான் மாஞ்சாவையும் கண்ணாடித்தூள் பூசியதையும் தடை செய்து, எதுவும் பூசாத பருத்தி நூலுக்கு மட்டும் அனுமதி என்றது. அதே வருஷம் ஜூலையில் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டது. சென்னைக்கும் இது புதிதில்லை. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் அப்பா அம்மாவோடு பைக்கில் போன சின்னப் பையன் ஒருவன் மாஞ்சாவில் கழுத்தறுபட்டு இறந்தான்.

"சீன மாஞ்சாவே நைலான்தானே, அப்போ உங்க நரம்புதானே குற்றவாளி?" என்று மடக்குவார்கள். நைலான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆளை அறுப்பது எது? மெல்லிசாகவும் இருந்து, அறுந்தும் தொலையாத குணம். மேலே கண்ணாடித்தூள் பூச்சு வேறு. பருத்தி நூல் என்றால் சீக்கிரம் அறுந்துபோகும். அந்த அளவுகோலை தூண்டிலுக்கு வைத்துப் பாருங்கள். பூச்சு இல்லாமலே மோனோவை விட மெல்லிசு, அதே தடிமனில் பல மடங்கு பலம். தடிமன் பாதியானால் சதையில் பதியும் அழுத்தம் இரண்டு மடங்கு. முறுக்கின பிரெய்டை வெறுங்கையால் பிடித்து இழுத்த யாரையும் விரலைக் காட்டச் சொல்லுங்கள், தெரியும்.

நம் கடற்கரை என்ன ஆளில்லாத ஆஸ்திரேலியக் கரையா? பெசன்ட் நகரில் சாயங்காலம் குழந்தைகள் அலையில் கால் நனைத்து ஓடுகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத நூலை முறுக்கேற்றி இடுப்பு உயரத்தில் கட்டி வைக்கிறோம். பக்கத்திலேயே பாட்டிலில் நரம்பைச் சுற்றிக் கையால் வீசுகிற பெரியவர் இருப்பார். உங்கள் பிரெய்டு அவர் நரம்போடு சிக்கினால் அறுபடுவது அவர் நரம்பும் அவர் கையும்தான், உங்கள் இரண்டாயிரம் ரூபாய் நூல் இல்லை.

நரம்பிலும் ஆபத்து இருக்கிறது. சிக்கிய ஈயத்தை இழுக்கும்போது அறுந்தால் ரப்பர் மாதிரி சுண்டித் திரும்பும், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இழுக்க வேண்டும். கரையில் விட்டுவிட்டு வந்தால் இரண்டுமே மக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகிற அதே மணல் அது. மாணவர்கள் 1988லிருந்து ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். நாம் அங்கே நூல் குப்பையைப் போட்டுவிட்டு வருவது அநியாயம்.

பாறையிலோ துறைமுகச் சுவரிலோ தனியாக நின்று பாரைக்குச் செயற்கை இரை வீசுகிறவர் பிரெய்டு போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மணலில் நிற்கிறவருக்கு 0.35 மி.மீ. நரம்பு இருநூறு மீட்டர், நுனிக்கு 0.60ல் ஒரு எட்டு மீட்டர். நைலான் வெயிலில் கெடும், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். கழற்றிய பழைய நரம்பைக் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கிய பிறகு குப்பையில் போடுங்கள்.