அடுக்கில் இல்லாத திரை

நூலகம் நூல்களுக்கே உரியது, திரைப்படத்துக்கு அங்கு இடமில்லை என்ற எண்ணம் எமது பல்கலைக்கழகச் சூழலில் இன்னும் செல்வாக்கிழக்கவில்லை. புதிய நாவலொன்றை வாங்குமாறு விதந்துரைப்பவர் வாசகராக மதிக்கப்படுகின்றார். புதிய திரைப்படமொன்றை இரவல் கேட்பவர் பொழுதுபோக்கு நாடுபவராகக் கருதப்படுகின்றார். இப்பாகுபாட்டுக்கு அறிவு அடிப்படையில்லை. வெறும் பழக்கமே அடிப்படை. எமது வரலாற்றனுபவத்தை மனங்கொள்ளுமிடத்து இப்பழக்கம் ஆபத்தானதுமாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978 இல் பிரேம்நாத் மொறாயஸின் நெறியாள்கையில் திரைப்படமாயிற்று. நாவலை ஆராய விரும்பும் மாணவர் அதனை நூலகத்தில் தேடுவார். அக்கதை திரையில் எதனை இழந்தது, எதனைப் பெற்றது என ஒப்புநோக்க விரும்பும் மாணவர் எங்கே தேடுவது? தர்மசேன பத்திராஜா 1977 இல் தந்த ‘பொன்மணி’, சிங்களக் கலைஞர் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பையும் சீதன வழக்கத்தையும் தமிழிலேயே விசாரணைக்கு உட்படுத்திய படம். ஈழத்துச் சினிமா பற்றிய கட்டுரைகளில் அதன் பெயர் தவறாது இடம்பெறும். எழுதுவோருள் அதனை முழுமையாகப் பார்த்தவர் எத்தனை பேர்? படிக்காத நூலைப் பற்றிப் பேசுபவரை நாம் எள்ளி நகையாடுகின்றோம். பாராத படத்தைப் பற்றி எழுதுபவரை மட்டும் ஏன் மன்னிக்கின்றோம்?

இக்குறைபாட்டின் வேர் சட்டத்திலும் உண்டு. 1885 ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்குமாறு பணிக்கின்றது. அவ்வழியிற் பிரதி பெறும் நூலகங்களுள் பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் ஒன்று. அச்சுக்கென வகுக்கப்பட்ட அச்சட்டம் திரைப்படத்தைத் தீண்டுவதில்லை; பிறநாட்டில் அச்சாகும் நூலையும் கட்டுப்படுத்துவதில்லை. சயந்தனின் ‘ஆதிரை’ 2015 இலும், தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016 இலும், ஷோபாசக்தியின் ‘இச்சா’ 2019 இலும் தமிழகப் பதிப்பகங்களின் வெளியீடுகளாகவே வந்தன. போருக்குப் பிந்திய ஈழத்து எழுத்தின் கணிசமான பகுதி இவ்வாறு கடல்கடந்தே அச்சேறுகின்றது. தாமாக வந்து சேருமென நூலகம் காத்திருக்குமாயின், எமது காலத்தின் எழுத்தும் திரையும் எமது அடுக்குகளை அடையமாட்டா. அவை தேடிப் பெறப்படவேண்டியவை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகின்றோம். 1983 யூலையில் ஹெந்தளை விஜயா கலையகம் தீக்கிரையானபோது படச்சுருள்களும் எரிந்தன. அதனை நினைப்பவர் சிலரே. நூலின் சாம்பலுக்கு அழுத நாம் படச்சுருளின் சாம்பலைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டும் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன: ஓரிடத்தில் மட்டும் இருக்கும் ஆக்கம் ஒரே இரவில் இல்லாதொழியும். பல நூலகங்களிற் பரவி, பல கைகளுக்கு மாறும் ஆக்கமே பிழைக்கும். ஆகவே இரவல் என்பது வாசகருக்குச் செய்யும் வசதி மட்டுமன்று. அது பாதுகாப்பின் ஒரு வடிவமுமாகும்.

“யாவும் இணையத்தில் உள்ளனவே” என்பர் சிலர். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து வெளியீடுகளை எண்ணிமப்படுத்தி யாவரும் படிக்க வழங்கி வருவது போற்றத்தக்கதே. ஆயின் தன்னார்வலரின் உழைப்பைக் காட்டிப் பல்கலைக்கழகம் தன் கடமையிலிருந்து விலகுதல் ஆகாது. கட்டணத் திரைத்தளங்களோ நூலகங்கள் அல்ல. அங்கு நாம் வாங்குவது படத்தையன்று, பார்ப்பதற்கான அனுமதியையே. உரிம ஒப்பந்தம் முடிவடைந்ததும் படம் பட்டியலிலிருந்து நீங்கிவிடக்கூடும். சான்றாகக் காட்டிய காட்சியை மீளப் பார்க்க இயலாதெனின் அவ்வாய்வேட்டை எவர் சரிபார்ப்பது?

“திரையரங்கிற் காணும் மசாலாவை நூலகத்துக்குள்ளும் புகுத்துவதா?” என்பது இன்னொரு சாராரின் வினா. வணிகப் படத்துக்கு நூலகத்தின் துணை தேவையில்லை. அது எம்மைத் தேடித் தானே வரும். சந்தை கொண்டுவராததைக் கொண்டுவருவதே நூலகத்தின் பணி. அதற்காக, நம்மவர் எடுத்தது என்பதாலேயே ஒரு படத்தை மெச்சவேண்டியதில்லை. மறுமுறை பார்க்கவும் விவாதிக்கவும் தூண்டுகின்றதா என்பதே அளவுகோல். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ நாவல் 1994 இல் வெளிவந்தது. தீபா மேத்தா 2020 இல் அதனைப் படமாக்கினார். படத்தில் ஒலித்த தமிழ் கடுங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் மாணவர், மொழியைப் பொருட்படுத்தாத யதார்த்தம் எங்கே இடறுகின்றது என்பதைத் தாமே கண்டறிவார். ஜூட் ரட்ணம் 2017 இல் தந்த ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ ஆவணப்படம் எம்மிடையே கடுமையான வாதப் பிரதிவாதங்களை எழுப்பியது. அதனை ஏற்பவரும் மறுப்பவரும் முதலில் அதனைப் பார்த்திருத்தல் வேண்டாமா? கானில் 2015 இல் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’, எமது அகதி வாழ்வைக் காட்டுகின்றதா, அன்றிப் பிரெஞ்சுப் பார்வையாளருக்கு ஏற்ற எம்மைக் காட்டுகின்றதா என்ற வினாவும் அவ்வாறே பார்த்து விடையளிக்க வேண்டியதொன்று.

நிதியில்லை என்பது இறுதியாக வரும் பதில். பொருளாதார நெருக்கடியை மறுப்பாரில்லை. ஆயினும் ஆண்டுக்குப் பத்து நூல்களும் ஐந்து படங்களும் தெரிந்து வாங்குவது இயலாத காரியமன்று. களவுப் பிரதிகளை நாம் வேண்டவில்லை. படைப்பாளிக்குரிய விலையைக் கொடுத்து, இரவல் தருவதற்கான உரிமத்தையும் எழுத்தில் பெறவேண்டும் என்கின்றோம். பெரும் நிறுவனங்களின் ஆதரவற்ற எமது படைப்பாளிகளுக்கு அதுவே ஓர் ஊக்கமாக அமையும்.

குற்றம் நூலகர்மீது மட்டும் சுமத்தத்தக்கதன்று. எமது விரிவுரையாளர்கள் வாசிப்புப் பட்டியலில் ஒரு திரைப்படத்தையேனும் சேர்ப்பதுண்டா? மாணவராகிய நாம் நூல் விதந்துரைப்புப் படிவத்தை எத்தனை முறை நிரப்பியுள்ளோம்? கேட்பாரற்ற பொருளை எந்த நூலகமும் வாங்காது. தமிழ்ச் சங்கம் இவ்வாண்டே ஒரு பட்டியலைத் தயாரித்து நூலகக் குழுவின் முன் வைக்கட்டும். ஒவ்வொரு நூலுக்கும் படத்துக்கும் அது ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு பந்தி எழுதப்படட்டும். அதனை எழுத முன்வருவோரே அவற்றை முதலில் இரவல் பெறும் உரிமையும் உடையோராவர்.