நிமிடத்துக்கு ஒரு டாலர்

மாலை மணி ஆறு. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர். பள்ளிக்கூடம் விட்டபிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற காப்பகம். நாற்காலிகளையெல்லாம் மேசைமேல் கவிழ்த்தாகிவிட்டது. ஒரே ஒரு பிள்ளை மட்டும் கோட்டை மாட்டிக்கொண்டு, பையை முதுகில் போட்டுக்கொண்டு, கதவுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. 6.01 ஆனதும் மீட்டர் ஓட ஆரம்பிக்கிறது. ஆட்டோ மீட்டர் மாதிரியேதான்! நிமிடத்துக்கு ஒரு டாலர் என்பது அங்கே பல காப்பகங்களில் சாதாரண ரேட். சில இடங்களில் அதற்கும் மேலே. யார் கடிகாரம் சரி என்று சண்டை வரக்கூடாதென்று, காப்பகத்துச் சுவர்க் கடிகாரம்தான் கணக்கு என எழுதி, பிள்ளையைச் சேர்க்கும் அன்றே கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்கிற இடங்களும் உண்டு.

நியாயம்தானே, இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். லேட்டாக வந்தால் காசு கொடுக்க வேண்டியதுதானே? கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் யாரும் மேற்கொண்டு யோசிப்பதில்லை.

இந்த விஷயத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே இஸ்ரேலின் ஹைஃபா நகரக் கதையை எடுத்துவிடுவார்கள். 2005-ல் வந்த ஃப்ரீக்கனாமிக்ஸ் புத்தகம் இதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. உரி நீஸி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இரண்டு பொருளியல்காரர்கள் 1998-ல் அந்த ஊரில் பத்து மழலையர் காப்பகங்களை இருபது வாரம் கவனித்தார்கள். மாலை 4 மணிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும். முதல் நான்கு வாரம் சும்மா எண்ணிக்கை மட்டும். ஐந்தாவது வாரம் ஆறு காப்பகங்களில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் ஒரு பிள்ளைக்குப் பத்து ஷெக்கல் அபராதம் என்று போர்டில் எழுதி ஒட்டினார்கள். தாமதம் குறைந்ததா? ஏறியது! ஏறி ஏறி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கில் போய் நின்றது. பதினேழாவது வாரம் அபராதத்தை எடுத்துவிட்டார்கள். அப்போதாவது பழைய நிலைமைக்கு வந்ததா என்றால், அதுவும் இல்லை. அபராதமே போடாத மற்ற நான்கு காப்பகங்களில் பெரிதாக ஒரு மாற்றமும் இல்லை.

2000-ல் இந்த ஆய்வு வெளிவந்தபோது அதற்கு வைத்த தலைப்பே 'அபராதம் என்பது ஒரு விலை'. அதுவரை லேட்டாக வந்த தாய்க்கும் தகப்பனுக்கும் ஆசிரியை முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. காசு வாங்க ஆரம்பித்ததும் கூச்சம் போய்விட்டது. கூலி கொடுக்கிறோம், கூட அரைமணி நேரம் பார்த்துக்கொள்ளட்டுமே என்றாகிவிட்டது. (இன்னொரு விளக்கமும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. லேட்டானால் காப்பகம் என்ன செய்யும், பிள்ளையையே வேண்டாம் என்று சொல்லிவிடுமோ என்று பெற்றோருக்கு முன்பு தெரியாது. ஆகக்கூடி பத்து ஷெக்கல்தான் என்று தெரிந்ததும் பயம் விட்டுப்போயிற்று. கதை சொல்கிறவர்கள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.)

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் காப்பகம் நடத்துகிறவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? பத்து ஷெக்கல் ரொம்பக் கம்மி, கூட்டிப் போட்டிருக்க வேண்டும் என்பதுதான். அந்தக் காலத்து இஸ்ரேலில் தப்பான இடத்தில் வண்டி நிறுத்தினால் 75 ஷெக்கல். தெருவில் நாய் அசுத்தம் செய்ததை அள்ளாமல் விட்டால் 360. அதோடு பார்த்தால் பத்து ஷெக்கல் ஒன்றுமே இல்லைதான். சரி, கூட்டிப் போட்டால் தாமதம் குறையும் என்றே வைத்துக்கொள்வோம். யாருக்குக் குறையும், எதைக் கொடுத்துக் குறையும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே?

இருபது நிமிடம் லேட் என்றால் இருபது டாலர். கைநிறையச் சம்பளம் வாங்குகிற வக்கீலுக்கு அது ஒரு சாப்பாட்டுக் காசு. மீட்டிங்கை முடித்துவிட்டு நிதானமாக வருவார். அவருக்கு அது ஹைஃபாவில் இருந்த அதே விலைதான், கொஞ்சம் கூடுதல் விலை, அவ்வளவே. அதே காப்பகத்துக்குப் பல்பொருள் அங்காடியில் கல்லாவில் நிற்கிற அம்மாவும் வருகிறார். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-ல் மணிக்கு 7.25 டாலர் என்று வைத்தது. 2025 வரைக்கும் அது ஏறவேயில்லை, பல மாநிலங்களில் அதுவே அளவு. அந்தக் கூலிக்கு இருபது டாலர் என்பது கிட்டத்தட்ட மூன்று மணி நேர உழைப்பு. ஒரே சுவர், ஒரே கடிகாரம். ஒருத்தருக்கு அது சில்லறை, இன்னொருத்தருக்கு அரை நாள் பிழைப்பு. இதற்குப் பேர் எல்லோருக்கும் பொதுவான விதியாம்.

அந்த அம்மா ஏன் லேட்டாக வருகிறார்? வேலை முடிகிற நேரத்தில் மாற்று ஆள் வரவில்லை, மேலாளர் இருந்துவிட்டுப் போ என்கிறார். அமெரிக்காவின் 1938-ம் வருடத்துத் தொழிலாளர் சட்டம் வாரம் 40 மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி கொடு என்கிறதே தவிர, வயது வந்தவரிடம் இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று சொல்லவே இல்லை. வாரம் 25 மணி வேலை பார்க்கிறவருக்கு அந்த ஒன்றரை மடங்கும் கிடையாது. ஆக, கடை முதலாளி இருபது நிமிடத்தைச் சாதாரணக் கூலிக்கு வாங்கிக்கொள்கிறார், காப்பகம் அதே இருபது நிமிடத்துக்கு இருபது டாலர் தீட்டுகிறது. தாமதத்தை உண்டாக்கியவரிடமிருந்து ஒரு காசு வாங்கவில்லை. கேட்டால் பொறுப்புணர்ச்சி, நேரம் தவறாமை என்று ஜல்லியடிக்கிறார்கள்.

அடுத்தது, இந்தப் பணம் யாருக்குப் போகிறது? ஆசிரியைக்குத்தான் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஒரு டாலர் என்றால் மணிக்கு அறுபது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஊழியர்களின் இடைநிலைக் கூலி, 2023-ம் வருட அமெரிக்க அரசுப் புள்ளிவிவரப்படி, மணிக்கு 15 டாலர்கூட இல்லை. பாதுகாப்புக்காக இரண்டு பேர் கூட இருந்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் முப்பதுதான் ஆகிறது. மிச்சம் முப்பது எங்கே? விளக்கு எரிந்த செலவா? சில காப்பகங்கள் அபராதத்தை அப்படியே அன்றைக்கு இருந்த ஆசிரியை கையில் கொடுக்க வைக்கின்றன, அது கொஞ்சம் தேவலை. மாதாந்திரப் பில்லில் சேர்த்து நிறுவனத்தின் கணக்கில் போட்டுக்கொள்கிற இடங்களில், கால் கடுக்க நின்ற ஆசிரியையின் பெயரைச் சொல்லி வசூல் நடக்கிறது.

ஆசிரியை பக்கத்து நியாயத்தை மறுக்கவே முடியாது. காலையிலிருந்து பிள்ளைகளோடு மாரடித்துவிட்டு, ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்றிருக்கிறவரை இன்னும் நிற்க வைப்பது அநியாயம். அவருடைய பிள்ளையும் வேறொரு காப்பகத்தில் கதவுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், அங்கேயும் ஒரு மீட்டர் ஓடலாம்! உடற்பயிற்சி முடித்து, கடைக்கும் போய்விட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ஆறரைக்கு வருகிற பெற்றோரும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதைச் சொல்லச் சங்கடப்பட்டுத்தான் காப்பகங்கள் மீட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. அப்படிப்பட்ட ஆளைத்தான் அபராதம் தொடவே தொடாது என்று ஹைஃபாவிலேயே பார்த்தாயிற்று.

அந்தப் பிள்ளையையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். அம்மா ஓடி வந்து கதவைத் திறக்கும்போது முதலில் காதில் விழுவது எத்தனை நிமிடம், எத்தனை டாலர் என்பது. அது கூட்டல் கழித்தல் படிக்கிற வயசு வேறு. தன்னால்தான் அம்மாவுக்குக் காசு போகிறது என்று அதற்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறு வழி இல்லையா? இருந்தது, கையெழுத்துவரைக்கும் வந்தது. 1971-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒரு குழந்தை வளர்ச்சிச் சட்டத்தை நிறைவேற்றின. நாடு முழுக்கக் காப்பகங்கள், வருமானத்துக்குத் தக்க கட்டணம். அந்த டிசம்பரிலேயே அதிபர் நிக்சன் தடுத்துவிட்டார். குடும்பம் செய்ய வேண்டிய வேலையை அரசு எடுத்துக்கொள்ளக்கூடாது என்கிற மாதிரி ஒரு காரணம். சரி, குடும்பமே பார்த்துக்கொள்ளட்டும் என்றால், மூன்று மணிக்குப் பள்ளியை விட்டுவிட்டு ஐந்தரை வரைக்கும் பெற்றோரை வேலை வாங்குகிற ஏற்பாட்டை மட்டும் ஏன் அப்படியே விட்டார்கள்? ஜெர்மனியில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முழுநாள் பராமரிப்பு சட்டப்படியான உரிமை என்று 2021-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2026-27 கல்வியாண்டில் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக அமலாகும்படி. அது அங்கே வானத்திலிருந்து விழவில்லை, பல வருடம் கேட்டு வாங்கியது.

அதுவரைக்கும் காப்பகங்களே செய்யக்கூடியதும் உண்டு. ஆறு மணிக்குப் பெற்றோர் வர வேண்டும், ஆனால் ஆசிரியையின் சம்பளம் ஆறரை வரைக்கும். பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அரைமணிக்குக் கூலி உண்டு. அந்தச் செலவை எல்லோருடைய மாதக் கட்டணத்திலும், வருமானத்துக்கு ஏற்றபடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடலாம். வண்டி பஞ்சரானவரும் பஸ்ஸைத் தவறவிட்டவரும் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை, அடிக்கடி லேட்டாக வருகிறவரிடம் மட்டும் உட்கார்ந்து பேசினால் போதும்.

அபராதம் போட்டே தீர வேண்டும் என்கிறவர்கள், போட வேண்டிய இடத்தில் போடட்டும். சான்பிரான்சிஸ்கோவில் 2014-லும் சியாட்டிலில் 2016-லும் ஓரிகன் மாநிலத்தில் 2017-லும் கொண்டுவந்த சட்டங்கள், பெரிய கடைகளும் உணவகங்களும் வேலை நேரத்தைக் கடைசி நேரத்தில் மாற்றினால் தொழிலாளிக்கு அதற்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டும் என்கின்றன. காப்பகத்துச் சுவர்க் கடிகாரம் காட்டுகிற அந்த இருபது டாலர் பில்லையும் அதே கணக்கில் சேர்த்து, இருந்துவிட்டுப் போ என்று சொன்ன மேலாளரின் மேசைக்கே அனுப்பலாமே.