டென்மார்க்கில் ஒரு சுற்றுவழி

மலையில்லாத நாட்டில் மிதிவண்டி ஓட்டுவதற்குத் திட்டம் எதற்கு என்று சென்ற ஆண்டு வரை நானும் கேட்டிருப்பேன். டென்மார்க்கின் மிக உயர்ந்த இயற்கை மேட்டின் உயரம் 171 மீட்டர்கூட நிறையவில்லை. அதனால்தான் அங்கே பணிபுரியும் என் மகள், ஜட்லாந்து நாட்டுப்புறத்தைச் சுற்றிவர ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வழியொன்றை வரைந்து, "மூன்று நாள் போதும் அப்பா" என்றபோது நானும் தலையசைத்தேன். அந்தப் பயணம் இரண்டாம் நாளே முடிந்துபோயிற்று. இந்த ஜூன் மாதம் மீண்டும் புறப்படுகிறோம். பிள்ளைகளைக் காண ஐரோப்பா செல்லும் நம் சங்கத்து அன்பர்கள் பலர் என்பதால், கற்ற பாடத்தை இம்மாதம் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வழி வைலே என்னும் துறைமுக நகரில் தொடங்குகிறது. மேற்கே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பழைய இருப்புப்பாதை இருந்த தடத்திலேயே பிண்டபாலே வரை செல்லலாம். இடையே ராவ்னிங் என்னுமிடத்தில், கி.பி. 980ஐ ஒட்டி, ஏறத்தாழ 760 மீட்டர் நீளத்தில் மரத்தாலேயே ஒரு பாலம் கட்டியிருந்தார்கள். பிண்டபாலேயிலிருந்து யெலிங் சென்று, அங்கிருந்து வடக்கே வீபோர்க் வரை ஹேர்வையன் என்னும் தொன்மையான பெருவழியைப் பற்ற வேண்டும். பின்னர்த் தென்கிழக்கே சில்கபோர்க். அங்கிருந்து, 1968ஆம் ஆண்டில் மூடப்பட்ட இருப்புப்பாதையின் தடம் வழியே ஹோர்சென்ஸ். முடிவில் மீண்டும் வைலே.

ஹேர்வையனைப் பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும். படைகளும், யாத்திரிகர்களும், தெற்கே ஜெர்மானியச் சந்தைகளுக்கு ஓட்டிச் செல்லப்பட்ட எருதுகளும் நடந்து நடந்து உண்டான வழி அது. ஆறுகளைக் கடக்கும் தொல்லை குறையும் பொருட்டு, நீர் இருபுறமும் பிரிந்தோடும் மேட்டு முதுகையே முன்னோர் தேர்ந்தனர். இன்று அது தேசிய மிதிவண்டிப் பாதைகளில் மூன்றாம் எண். நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துள் அவ்வெண் வழிகாட்டும். ஆனால் பலகை திசையைத்தான் காட்டும். தரையின் தன்மையைக் காட்டாது. தார்ச்சாலை திடீரென்று சரளைப் பாதையாகும். சரளை ஊசியிலைக் காட்டினுள் மணலாகும்.

சென்ற ஆண்டு நாங்கள் செய்த பிழை இரண்டு. முதலாவது, எல்லாத் தரையையும் ஒரே தரையாகக் கணக்கிட்டது. தாரில் மணிக்கு 18 கிலோமீட்டர் செல்லும் என் கால், இறுகிய சரளையில் 13தான் செல்லும். மணலில் இறங்கித் தள்ளினால் ஐந்துகூடத் தேறாது. இரண்டாவது, காற்றை மறந்தது. அந்நாட்டில் மேல்காற்றே மிகுதி. தடுக்க மலையும் இல்லை. நாங்களோ இப்போது சொன்ன வழிக்கு நேர் எதிராகச் சுற்றினோம். ஹோர்சென்ஸிலிருந்து வடமேற்கே சென்ற முதல் நாள் முழுதும் எதிர்க்காற்று. மறுநாள் மாலை, வீபோர்க்கைக் கடந்து தெற்கே திரும்பிய சில கிலோமீட்டரில், மணலில் முன்சக்கரம் புதைந்து விழுந்தேன். மணிக்கட்டு வீங்கிற்று. வீபோர்க்குக்கே திரும்பி ரயில் ஏறினோம்.

வண்டியில் நெடுநேரம் மகள் பேசவில்லை. பின்னர், "காலையிலேயே கை வலித்ததா அப்பா?" என்று கேட்டாள். வலித்தது. இளைத்துப்போனதும் உண்மையே. சொன்னால் அவள் விடுமுறை வீணாகுமே என்று மறைத்தேன். "நீங்கள் சொல்லாததால்தான் வீணாயிற்று" என்றாள். மறுமொழி சொல்ல எனக்கு வாயில்லை.

இம்முறை திட்டத்தை ஞாயிறுதோறும் தொலைபேசியில் இருவரும் சேர்ந்தே வகுத்தோம். மூன்று நாள் ஆறு நாளாயிற்று. திசையும் மாறிற்று: முதல் நாள் உடல் தெளிவாயிருக்கும்போதே, பள்ளத்தாக்கின் மறைவில் மேற்கே செல்கிறோம், களைத்த பின்னாளில் தென்கிழக்கே திரும்புகையில் காற்று பெரும்பாலும் முதுகுப்புறம் இருக்கும். தூரத்தை எண்ணாமல் மணிகளை எண்ணினோம். ஜூனில் 17 மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. எனினும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை என்பது முடிவு. சக்கரங்களுக்கு 40 மில்லிமீட்டர் அகல டயர் போட்டாயிற்று.

நிறுத்திக்கொள்ளத்தக்க இடங்களையும் குறித்தோம். வைலே, யெலிங், வீபோர்க், சில்கபோர்க், ஹோர்சென்ஸ் ஆகிய ஐந்திலும் ரயில் நிலையம் உண்டு. நோர ஸ்னேடயிலிருந்து வீபோர்க் வரையுள்ள மூன்றாம் நாள் வழிதான் நீளமானது. அதன் நடுவே எங்கஸ்வாங் நிலையம் அருகிலிருப்பது பெரிய ஆறுதல். மிதிவண்டிக்கும் தனிச் சீட்டு வேண்டும். கோடையில் முன்பதிவு செய்துகொள்வது நலம். கூடாரத்தை நினைத்த இடத்தில் அடிக்க அங்கே சட்டம் இடந்தராது. அதற்கென விடப்பட்ட காடுகளும், ஒருபக்கம் திறந்த மரக்குடில்களும் உள்ளன. அவற்றை முன்னரே அறிந்து வைத்தல் வேண்டும். சிற்றூர்களில் கடை அரிது. தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் நீர்க்குழாய் இருக்கும். குடிக்கத் தக்கதா என்று பார்த்துப் பிடிக்க வேண்டும்.

முதல் நாள் இரவு யெலிங்கில் தங்குகிறோம். பத்தாம் நூற்றாண்டில் ஹரால்ட் என்னும் மன்னன் தன் தாய் தந்தையர் நினைவாக நாட்டிய எழுத்துப் பொறித்த கல் அங்கே நிற்கிறது. இன்று நம் கைப்பேசிகளில் உள்ள புளூடூத் என்பது அம்மன்னனின் பட்டப்பெயரே. சென்ற ஆண்டு அவ்வூரை எட்டாமலே திரும்பினோம். இவ்வாண்டு மாலை முழுதும் அங்கே இருக்க நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

திட்டத்தை மகள் எழுதி அனுப்பியிருக்கிறாள். நாள், தரை, மணி, நிலையம் எல்லாம் ஒழுங்காக உள்ளன. அவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரியாக, "வலித்தால் அப்பா உடனே சொல்வார்" என்று எழுதியிருக்கிறாள். அதன்கீழே கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன்.