தவலை பாடக் கூடாது!

பரண்மேல் கிடக்கும் பழைய அலுமினியத் தவலையை எடைக்குப் போட்டுவிடலாம் என்று இருக்கிறீர்களா, சகோதரிகளே? சற்றுப் பொறுங்கள். அதற்குள் ஒரு ஸ்பீக்கரைக் குடிவைக்கலாம்!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காது சற்று மந்தமான மாமியாரோ மாமனாரோ வீட்டில் இருந்தால் இது அவசியமான விஷயம். பெரியவர் “ரேடியோவைக் கூட்டு” என்பார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை “குறை” என்பான். நடுவில் அகப்பட்டுத் தவிப்பவர் நீங்கள்தானே? கூட்டி வைத்தாலும் பெரியவருக்குச் செய்தி விளங்குகிறதா என்றால், அதுவும் இல்லை. வயதாக ஆக, உச்ச ஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் சக்திதான் முதலில் குறைகிறது. ‘ச’, ‘த’, ‘க’ போன்ற எழுத்துக்களைப் பிரித்துக் காட்டுவதற்கு அந்த ஒலிகள் வேண்டும். சத்தத்தைக் கூட்டினால் ‘ஆ’வும் ‘ஓ’வும் முழங்குமே தவிர, வார்த்தை பிடிபடாது. அவருக்கு வேண்டியது தெளிவு.

சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வெறுமனே கையில் பிடித்துப் பாட விடுங்கள். நோஞ்சான் குரலில் பாடும். காரணம் இதுதான்: அதன் காகிதக் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போதே பின்பக்கம் இழுக்கிறது. இரண்டு பக்கத்து ஒலிகளும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் கனத்த ஒலிகள் காணாமற் போகின்றன. பெரிய அட்டையில் வட்டமாக ஓட்டை வெட்டி, ஸ்பீக்கரை அதில் வைத்து அழுத்திப் பாருங்கள். உடனே குரலுக்குச் சதை பிடிக்கும். பின்பக்கத்து ஒலியைச் சிறை வைப்பதுதான் பெட்டியின் வேலை.

அந்தச் சிறை எந்த வடிவத்தில் இருந்தால் நல்லது? 1951-ல் ஹாரி ஓல்ஸன் என்ற அமெரிக்க ஒலி நிபுணர் பலவித வடிவங்களைச் சோதித்து எழுதினார். கூர்மையான விளிம்புள்ளவற்றில் ஒலி மேடும் பள்ளமுமாக வந்தது. உருண்டையில்தான் மிகவும் சீராக வந்தது. நம் தவலையின் வயிறு உருண்டைக்கு நெருங்கிய உறவு அல்லவா?

ஆனால் உலோகத்துக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. தட்டினால் ‘டங்...’ என்று தானே பாட ஆரம்பித்துவிடும். மானாமதுரைக் கடம் பாடலாம். தஞ்சாவூர் வீணையின் பலாமரக் குடம் பாடலாம். அவை அதற்கென்றே பிறந்தவை. ஸ்பீக்கர் பெட்டியோ தூதன் மாதிரி. தூதன் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் செய்தி கெட்டுவிடும். ஓர் எழுத்தின் ரீங்காரம் அடுத்த எழுத்தின்மேல் படிந்து வார்த்தையைக் குழப்பும்.

“ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கியும் உலோகம்தானே?” என்று மணவூர்ச் சகோதரிகள் கேட்கலாம். வாஸ்தவம். அதன் காரியம் வேறு. சின்னத் தகட்டின் அதிர்வை, விரிந்த குழாய் காற்றோடு இணைத்துத் தூரத்துக்கு அனுப்புகிறது. காவடிக் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்ட அது வேண்டும்; நம் வீட்டுக் கூடத்துக்கு எதற்கு?

தவலையின் ரீங்காரத்துக்கு வைத்தியம் உங்களுக்கே தெரியும். கீழே விழுந்து அலறும் தாம்பாளத்தின்மேல் உள்ளங்கையை வைத்தால் அது வாயை மூடிக்கொள்கிறதல்லவா? அதே முறைதான். சைக்கிள் கடையில் கழித்த ட்யூபை வெட்டி, தவலையின் உட்புறம் நெருக்கமாக ஒட்டுங்கள். கார்க் கதவுக்குள் ஒட்டும் தார்ப் பட்டை கிடைத்தால் இன்னும் உத்தமம். விரலால் தட்டும்போது ‘டங்’ மறைந்து ‘டொக்’ என்று கேட்க வேண்டும். பிறகு பழைய தலையணைப் பஞ்சை லேசாக உதிர்த்து உள்ளே நிரப்புங்கள். பஞ்சு கூம்பில் படாதபடி நடுவில் மெல்லிய துணி இருக்கட்டும்.

கழுத்து அகலமான தவலையாகப் பாருங்கள். ஒடுங்கிய கழுத்துள்ள குடம் வேண்டாம். வாயை மூடும் அளவுக்குத் தச்சரிடம் அரை அங்குலப் பலகை வட்டம் ஒன்று அறுத்து வாங்கி, நடுவில் நாலு அங்குல ஸ்பீக்கரைப் பொருத்துங்கள். விளிம்பில் ரப்பர் வைத்துக் காற்றுப் புகாமல் முடுக்க வேண்டும். ஸ்பீக்கருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயருக்கும் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. மணவூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் அதிக தூரமில்லை.

ஒரு ஜாக்கிரதை! வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அந்தக் கம்பி எதுவும் தவலைக்குள் போகக் கூடாது. ஆம்ப்ளிஃபயர் வெளியிலேயே, பாட்டரியில் ஓடட்டும். ஸ்பீக்கர் கம்பி நுழையும் துவாரத்துக்கும் ரப்பர் வளையம் போடுங்கள்.

தவலையைப் பிரிமணைமேல் சாய்த்து, பெரியவர் உட்காரும் இடத்துக்கு அருகில், காது மட்டத்தில் வையுங்கள். அருகில் வைப்பதே பாதி வைத்தியம். இது காது டாக்டருக்கு ஈடாகாது; அவரையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

செய்தி முடிந்ததும் பெரியவரிடம், “இன்றைக்கு என்ன சொன்னான்?” என்று கேளுங்கள். சத்தத்தைக் கூட்டாமலே அவர் வரி பிசகாமல் சொன்னால், தவலை பாடவில்லை என்று அர்த்தம்!