கேட்காமலே தோண்டலாமா... யுரேனியம் கதையில் குத்தாலத்துக்கு என்ன வேலை?

"எந்த ஊரு?" என்று கேட்பார்கள். "குத்தாலம்" என்பேன். "அடடா, இப்போ சீசனா? அருவியில தண்ணி கொட்டுதா?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். அது தென்காசிப் பக்கம் இருக்கும் குற்றாலம், மக்களே! எங்களுடையது மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, காவிரிக் கரையில் இருக்கும் குத்தாலம். இங்கே அருவி கிடையாது. வயல் இருக்கிறது. வயலுக்கு நடுவே எண்ணெய், எரிவாயுக் கிணறுகளும் இருக்கின்றன.

அந்த ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "பாப்பா, வாட்ஸ்அப்ல ஒண்ணு வந்துச்சு. யுரேனியம் தோண்ட இனிமே ஊர்க்காரங்ககிட்ட கேக்க வேண்டாமாமே, நெசமா? நம்ம பக்கமும் வந்துடுவாங்களா?"

வழக்கமாக சித்தப்பா அனுப்பும் ஃபார்வர்டுகளில் பாதி பொய்யாக இருக்கும். இந்த முறை பாதி உண்மை. அந்தப் பாதியைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

நமக்குக் கீழே என்ன இருக்கிறது?

முதலில் பயத்தைப் போக்கிவிடுவோம். டெல்டாவில் யுரேனியச் சுரங்கம் எதுவும் வரப்போவதில்லை. நம் வயலுக்குக் கீழே இருப்பது வண்டல். அதற்கும் கீழே எண்ணெயும் எரிவாயுவும். மன்னார்குடிப் பக்கம் பழுப்பு நிலக்கரி. குத்தாலத்தை அடுத்த மருதூரில் இருக்கும் 101 மெகாவாட் மின்நிலையம் எரிவாயுவில் ஓடுவதற்காகவே கட்டப்பட்டது. 2003-04-ல் அது உற்பத்தியைத் தொடங்கியபோது, ஊருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையின் மறுபக்கத்தை 2017 ஜூன் 30 அன்று பார்த்தோம். பக்கத்துக் கதிராமங்கலத்தில், வயலுக்குள் போகும் ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு. எண்ணெய் வயலில் பரவியது. 'கலெக்டர் வரட்டும்' என்று ஊரே கூடி உட்கார்ந்தது. வந்தது போலீஸ் தடியடி. பேராசிரியர் த.ஜெயராமன் உள்ளிட்டோர் கைதானார்கள். குழாயில் விழுந்த ஓட்டையைவிட, 'எங்களை யாரும் கேட்கவே இல்லையே' என்பதுதான் அன்று அந்த மக்களின் பெரிய ஆதங்கமாக இருந்தது.

ஜாதுகுடாவும் கதிராமங்கலமும்

சரி, யுரேனியம்? அதற்கு ஜார்க்கண்ட் போக வேண்டும். கிழக்கு சிங்பூம் மாவட்டத்தில் இருக்கிறது ஜாதுகுடா. சந்தால், ஹோ பழங்குடிகள் வாழும் பகுதி. 1960-களிலிருந்து அங்கே யுரேனியம் எடுக்கிறார்கள். நம் கல்பாக்கத்தின் பழைய அணு உலைகள் இந்த உள்நாட்டு யுரேனியத்தை நம்பிக் கட்டப்பட்டவை. அதாவது, தமிழ்நாட்டில் எரிந்த எத்தனையோ டியூப்லைட்டுகளுக்கும் அந்தக் கிராமங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

யுரேனியத்தைத் தங்கக்கட்டி மாதிரி அள்ளி எடுக்க முடியாது. இந்தியாவில் கிடைக்கும் தாது மிக நீர்த்துப்போனது. ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால், அதிலிருந்து கிடைப்பது சுமார் அரைக் கிலோதான். மீதி அத்தனையும் கழிவு! அதைக் குழம்பாக்கி, குழாய் வழியாகக் கொண்டுபோய்ப் பெரிய குட்டைகளில் தேக்குகிறார்கள். 2006 டிசம்பரில் அந்தக் குழாய் உடைந்து, கழிவு ஓடையில் கலந்தது.

படிக்கும்போதே கதிராமங்கலம் ஞாபகம் வருகிறதா? எனக்கும் அப்படித்தான்.

குழந்தைகளுக்கு ஊனம், நோய் எல்லாம் சுரங்கத்தால்தான் என்கிறார்கள் ஜாதுகுடா மக்கள். கதிர்வீச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்கிறது அரசுத் தரப்பு. பல வருடங்களாக இந்த வழக்கு தீரவில்லை. ஆனால், அதைப் பார்த்த மற்ற ஊர்கள் உஷாராகிவிட்டன. மேகாலயாவில் ஸ்பிலிட்டி லிங்டோ லாங்ரின் என்ற பாட்டி, கோடிக்கணக்கில் பணம் தருவதாகச் சொன்னபோதும் தன் நிலத்தைக் குத்தகைக்குத் தர மறுத்தார். 2020-ல் இறக்கும்வரை அவர் மனம் மாறவில்லை. தெலங்கானாவில் நல்லமலைக் காட்டைத் தோண்டக் கூடாது என்று 2019 செப்டம்பரில் சட்டமன்றமே தீர்மானம் போட்டது.

கருத்துக்கேட்பு எங்கே போச்சு?

இப்போது சித்தப்பாவின் ஃபார்வர்டுக்கு வருவோம். சுரங்கமோ, ஆலையோ வருவதற்கு முன் ஊரில் பந்தல் போட்டு, கலெக்டர் முன்னிலையில் மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். பெரும்பாலும் சத்தமும் சண்டையுமாக முடியும் கூட்டம்தான். ஆனால், ஒரு சாதாரண விவசாயி மைக் பிடித்துப் பேசுவது பதிவாகும் ஒரே இடம் அது.

2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்கள் மற்றும் முக்கியக் கனிமங்களுக்கான சுரங்கத் திட்டங்களுக்கு இந்தக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு கொடுத்தது. நாட்டின் பாதுகாப்பு, அவசரத் தேவை என்று காரணம் சொன்னது. தமிழ்நாடு எதிர்ப்பு தெரிவித்தது. காரணம், நமக்கும் இதில் பங்கு உண்டு. கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் எழுந்த எதிர்ப்பில், கருத்துக்கேட்புக் கூட்டமே தள்ளிப்போனது. இனி அப்படித் தள்ளிவைக்க ஒரு கூட்டமே இருக்காது.

இது டெல்டாக்காரர்களுக்குப் பழைய கதை. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு இதே விலக்கைக் கொடுத்தார்கள். டெல்டா கொந்தளித்தது. அடுத்த மாதமே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்போது மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆகவில்லை. நாகப்பட்டினத்தோடு சேர்ந்து நாமும் அந்த எல்லைக்குள் வந்தோம். புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை. ஆனால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை ஓடும். குத்தாலத்தில் கிணறும் நடவும் பக்கத்துப் பக்கத்தில் நடப்பது அதனால்தான்.

நடுவில் வந்த சூரியன்

முன்பெல்லாம் இந்தச் சண்டையில் ஒரு வாதம் கட்டாயம் வரும். "தோண்டாதேன்னா, அப்புறம் கரன்ட்டுக்கு எங்கே போறது?" கூடங்குளம் போராட்டத்தின்போது, மணிக்கணக்கில் மின்வெட்டில் தவித்த தமிழ்நாடு அந்தக் கேள்வியைத்தான் இடிந்தகரை மக்களிடம் கேட்டது.

இன்று அந்தக் கேள்விக்கு வேறு பதில் இருக்கிறது. சோலார் பேனல் விலை பத்தே வருடங்களில் பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. 2020 டிசம்பரில் குஜராத்தில் ஒரு யூனிட் சூரிய மின்சாரத்தை 1.99 ரூபாய்க்குத் தருவதாக ஏலம் கேட்டார்கள். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் மட்டுமே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கூடங்குளம் முதல் உலைக்கு 2002-ல் வேலை தொடங்கி, வணிக உற்பத்திக்கு வந்தது 2014 கடைசியில். ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை ஒரு வருடத்துக்குள் கட்டி முடித்தார்கள்.

யுரேனியச் சந்தையும் ஆட்டம் கண்டது. 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு விலை சரிந்து, 2018-ல் கனடாவின் மெக்ஆர்தர் ரிவர் என்ற மாபெரும் சுரங்கத்தையே மூடிவைத்தார்கள்.

அப்படியென்றால், யுரேனியம் தோற்றுவிட்டதா? அதுதான் இல்லை. அந்தச் சுரங்கம் 2022-ல் மறுபடி திறந்தது. 2024 ஜனவரியில் யுரேனியம் விலை பவுண்டுக்கு 100 டாலரைத் தாண்டியது. 2047-க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. இப்போது இருப்பதோ சுமார் 8,000 மெகாவாட் சொச்சம்!

அணுமின்சாரத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ராத்திரி சூரியன் வராது. கமுதியின் 648 மெகாவாட், இருபத்துநான்கு மணி நேரச் சராசரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அணு உலை இரவு பகல் பார்க்காமல் ஓடும், கரிப்புகையும் வராது. பேட்டரி விலை இன்னும் இறங்க வேண்டும். இன்னொன்று, சோலாருக்கும் நிலம் வேண்டும். கமுதியில் அதற்கு 2,500 ஏக்கர் போனது. நாளைக்கு 'மண்ணைத் தோண்டல, மேல பேனல்தான் போடுறோம்' என்று முப்போகம் விளையும் வயலுக்கு யாராவது வந்தால், அதுவும் நமக்கு நல்லதல்ல. அப்போதும் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

சித்தப்பாவின் கணக்கு

இதையெல்லாம் சொன்னதும் சித்தப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு மோட்டாருக்கு கரன்ட்டு இலவசம். எதுல செய்யிறாங்கன்னு நான் எதுக்குப் பாக்கணும்னு இருந்துட்டேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 1990-லிருந்து விவசாய மின்சாரம் நமக்கு இலவசம். அது நம் உரிமை. டெல்டா பிழைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால், பில் வராததால், அந்த மின்சாரத்துக்கு யாரோ எங்கோ கொடுக்கும் விலை நம் கண்ணில் படவே இல்லை. ஜாதுகுடா ஓடையும் கதிராமங்கலம் வயலும் அந்த பில்லில் எழுதாமல் விட்ட வரிகள்.

மொட்டை மாடியில் சோலார் போட மத்திய அரசு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது என்றேன். "மேட்டூர் தொறந்து குறுவை முடியட்டும், பாப்போம்" என்றார். அவர் பாணியில் அது பாதி சம்மதம்.

போனை வைக்கும் முன் ஒன்று சொன்னார். "கருத்துக்கேட்புன்னா நாங்க வேணாம்னுதான் சொல்லுவோம்னு ஏன் நெனைக்கிறாங்க? கேட்டாத்தானே தெரியும். மருதூர் பிளான்ட்டு வந்தப்ப நாம வேணாம்னா சொன்னோம்?"

வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26 என்று வரிசையாக வரும். கருத்துக்கேட்பை மறுபடி கொடுங்கள் என்று அங்கே ஒரு தீர்மானம் போடலாம். எங்கள் சித்தப்பா போகப்போகிறாராம். உங்கள் ஊரில் யார் போகிறீர்கள்?

அடுத்த வாரம் சந்திப்போம்!